இளையோர் வழக்கும் மொழியறமும்: வன்னிப் பேச்சை முன்னிறுத்திய ஒரு நோக்கு

மொழி ஒரு சமுதாயத்தின் பொதுச் சொத்து என்பது பலகாலும் எடுத்துரைக்கப்படும் கருத்தாகும். நிலமும் நீரும் போன்று முன்னோரிடமிருந்து பெறப்பட்டுப் பின்னோரிடம் ஒப்படைக்கப்படுவது அது. ஆயின் நிலத்துக்கும் மொழிக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. வேலியிட்டுப் பூட்டி வைத்தாலும் நிலம் அழிவதில்லை; மொழியோ பேசப்படாதவிடத்து அழிந்துபடும், பேசப்படுமிடத்து மாறிவிடும். இந்நிலையில், ஒரு தலைமுறை தனக்குக் கையளிக்கப்பட்ட மொழியைத் தன் விருப்பம்போல மாற்றிக்கொள்ள உரிமையுடையதா, அவ்வுரிமைக்கு எல்லை உண்டாயின் அவ்வெல்லை யாது என்னும் வினா எழுகின்றது. இது மேலோட்டமாக நோக்குவார்க்கு இலக்கண வினாப் போலத் தோன்றினும் அடிப்படையில் ஓர் அறவியல் வினாவேயாகும். எது வழு, எது வழாநிலை என்பதை இலக்கணம் கூறும். ஒருவர் மற்றொருவருக்கு என்ன கடமைப்பட்டுள்ளார் என்பதைக் கூறவேண்டியது அறவியலே.

இவ்வினாவை வெறுங் கருத்துநிலையில் வைத்து ஆராய்வதினும் ஓரிடத்தைச் சார்ந்து ஆராய்வது பயன்தரும். யாழ்ப்பாணத்தையும் கண்டியையும் இணைக்கும் ஏ9 வீதியிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் வீதி பிரியுமிடத்தில் அமைந்துள்ள ஊர் மாங்குளம். 1990 இல் வடபகுதிக்கான புகையிரதப் போக்குவரத்து தடைப்பட்ட பின்னர், 2013 இல் கிளிநொச்சி வரை புகையிரதம் மீண்டும் ஓடத் தொடங்கும் வரையில் இவ்வூர் மக்கள் அவ்வொலியைக் கேட்கவில்லை. 2008 இன் பிற்பகுதியில் போர் இவ்வழியே சென்றது. மக்கள் கிழக்கு நோக்கி இடம்பெயர்ந்தனர். 2009 மே மாதத்தில் போர் முடிவுற்றபின் செட்டிகுளத்து முகாம்களில் வாழ்ந்து, பின்னர் படிப்படியாக மீளக் குடியேறினர். வீடும் நூலும் நிழற்படமும் உறுதிப்பத்திரமும் அழிந்துபோன குடும்பங்கள் பல. அத்தகைய குடும்பங்களுக்குத் தம் முன்னோரிடமிருந்து எஞ்சிய சொத்து பேச்சு ஒன்றேயெனின் அது மிகைப்படக் கூறலாகாது. ஆதலின் மொழி மாற்றம் பற்றிய வினா பிறவிடங்களிலும் பார்க்க வன்னியில் ஆழமுடையதாகின்றது.

மீள்குடியேற்றத்தை அடுத்த சில ஆண்டுகளுள் மின்சாரம், தொலைக்காட்சி, கைத்தொலைபேசி, இணையம் ஆகியன பெரும்பாலான வீடுகளுக்கு ஏறத்தாழ ஒருசேர வந்தடைந்தன. பிறவிடங்களில் ஒன்றன்பின் ஒன்றாக வந்து மக்கள் வாழ்வோடு மெல்லப் பொருந்தியவை இங்கு ஒரே தலைமுறையின் கையிலே ஒருங்கே வைக்கப்பட்டன. அதன் பயனாக, இன்று மாங்குளச் சந்தியில் பேருந்துக்குக் காத்து நிற்கும் மாணவரின் பேச்சில் சென்னைத் திரைப்படத்தின் ‘செம’, ‘கெத்து’, ‘மொக்கை’, ‘வேற லெவல்’ முதலியனவும், ஆங்கிலத்திலிருந்து வந்த ‘ப்ரோ’, ‘வைப்’, ‘கிரிஞ்’ முதலியனவும், நெடுங்காலமாக ஈழத்தில் வழங்கும் ‘பகிடி’, ‘பம்பல்’, ‘அலட்டாதை’ முதலியனவும் அருகருகே ஒலிக்கின்றன. அதே மாணவர் கைத்தொலைபேசியில் எழுதும்போது தமிழை உரோமன் எழுத்தில் எழுதுகின்றனர். இவற்றைக் கேட்டும் கண்டும் மூத்தோர் ‘தமிழ் அழிகின்றது’ எனக் கவலையுறுகின்றனர். இக்கவலை புறந்தள்ளத்தக்கதன்று, ஆயின் அப்படியே ஏற்கத்தக்கதுமன்று.

முதற்கண், பிறமொழிச் சொற் கலப்பினால் தமிழ் அழியும் என்னும் வாதத்தை நோக்குவோர், ஈழத்துத் தமிழரின் வீட்டுப் பொருள்களை ஒருமுறை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அமரும் கதிரையும், அணியும் சப்பாத்தும், உண்ணும் பாணும், குழி தோண்டும் அலவாங்கும் போர்த்துக்கேயர் தந்த பெயர்களாலேயே அழைக்கப்படுகின்றன. கந்தோர் ஒல்லாந்தர் தந்தது. இவையின்றி இன்று வடபகுதிப் பேச்சே இல்லை. இவற்றைப் பேசுவோரைத் தமிழறியாதார் என எவரும் கூறார். அண்மைக் காலத்திலும், எறிகணையை ‘ஷெல்’ என்றும் பதுங்குகுழியைப் ‘பங்கர்’ என்றும் வன்னி மக்கள் வழங்கினர். உயிர் காக்க ஓடுங்கால் கைவந்த சொல்லே சொல்லாயிற்று. அச்சொற்களால் தமிழ் கெட்டது என அக்காலத்தில் எவரும் முறையிடவில்லை. துன்பத்தின்வழி வந்த கடன்சொல்லுக்கு மன்னிப்பும் விளையாட்டின்வழி வந்த கடன்சொல்லுக்குக் கண்டனமும் வழங்குவது எவ்வகை நீதி என இளைஞர் வினவின் விடை கூறுதல் எளிதன்று.

இரண்டாவதாக, இளையோர் தமக்குள் வழங்கும் தனிச்சொற்கள் தமிழ் இலக்கணத்துக்குப் புறம்பானவையல்ல. பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுந்த நன்னூல், ஒரு குழுவினர் தமக்குள் மட்டும் விளங்குமாறு வழங்கும் சொல்லைக் குழூஉக்குறி எனப் பெயரிட்டு வழக்கினுள் அடக்கியது. பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பதும், யானைப்பாகர் ஆடையைக் காரை என்பதும் அதற்கு வழக்கமாகக் காட்டப்படும் எடுத்துக்காட்டுக்கள். சொற்கள் குறைந்து சிதைந்து வழங்குதலை மரூஉ என ஏற்றுக்கொண்டதும், பழையன நீங்குதலும் புதியன சேர்தலும் காலத்தின் இயல்பேயன்றிக் குற்றமாகா என நூலின் இறுதியில் உரைத்ததும் அந்நூலேயாம். வன்னி உழவரிடமும் இத்தகைய வழக்கு இருந்தது. சூடு மிதிக்கும் களத்தில் நெல்லை நெல் என்னாது பொலி என்றனர். களத்துக்கெனத் தனிச்சொற்கள் வழங்கினர். மட்டக்களப்பிலும் சிங்கள உழவரிடையேயும் இவ்வாறான களமொழி உண்டு. எனவே, அயலார்க்கு விளங்காத பேச்சுப் பேசுதல் இளையோர் கண்டுபிடித்த குற்றமன்று. அவர்தம் பாட்டனார் நெற்களத்தில் செய்ததையே பெயரர் கைத்தொலைபேசியில் செய்கின்றனர்.

மூன்றாவதாக, ‘தூய தமிழ்’ எனவும் ‘இழிந்த தமிழ்’ எனவும் பகுப்பதன் பின்னே சமுதாய ஏற்றத்தாழ்வு ஒளிந்திருத்தல் கூடும் என்பதை ஈழத்து இலக்கிய வரலாறு தெளிவாகக் காட்டியுள்ளது. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழில் நாடகங்கள் எழுதியபோதே இவ்வினாவுக்கு வித்திடப்பட்டது. 1960களின் தொடக்கத்தில், டொமினிக் ஜீவா, கே. டானியல் முதலியோர் ஒடுக்கப்பட்ட மக்களின் பேச்சைக் கதைகளில் எடுத்தாண்டபோது, அது இழிசனர் வழக்கு எனப் பழிக்கப்பட்டது, க. கைலாசபதி, கா. சிவத்தம்பி முதலிய திறனாய்வாளர் அப்பழிப்பை மறுத்துரைத்தனர். மரபுப் போராட்டம் என அறியப்படும் அவ்விவாதத்தின் பெறுபேறு யாதெனில், ஒரு பேச்சை இழிந்தது என்பார் பல வேளைகளில் அதனைப் பேசுவோரையே இழிந்தோர் என்கின்றனர் என்னும் தெளிவாகும். இன்று இளையோரின் பேச்சைக் கண்டிப்போரும் தாம் கண்டிப்பது பேச்சையா, பேசுவோரையா எனத் தம்மைத் தாமே வினவிக்கொள்ளல் நன்று.

உரோமன் எழுத்தில் தமிழ் எழுதுதல் பற்றியும் ஈண்டுச் சிறிது நோக்கற்பாலது. இது தாய்மொழி மீதான அலட்சியத்தால் விளைந்தது என்பர் சிலர். ஆயின் அதன் தோற்றுவாய் பெரிதும் இயந்திரத்திலும் பணத்திலும் உள்ளது. கைத்தொலைபேசிக் குறுஞ்செய்தி ஒன்று உரோமன் எழுத்தாயின் 160 எழுத்துக்களைக் கொள்ளும். தமிழாயின் 70 குறியீடுகளையே கொள்ளும். அன்றியும், உயிர்மெய்யைத் தமிழர் ஓரெழுத்தாக எண்ண, இயந்திரம் மெய்யையும் அதன்மேல் ஏறிய குறியையும் தனித்தனியே எண்ணும். மாங்குளம் என்னும் பெயர் கண்ணுக்கு ஐந்தெழுத்து, இயந்திரத்துக்கு ஒன்பது. காசெண்ணிச் செய்தியனுப்பிய மாணவர் குறைந்த செலவுடைய வழியை நாடியதில் வியப்பில்லை. 1554 இல் இலிசுபன் நகரில் அச்சான முதல் தமிழ்நூலே உரோமன் எழுத்தில்தான் வெளிவந்தது. தமிழெழுத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ கொல்லத்தில் 1578 இலேயே தோன்றியது. முஸ்லிம் மக்கள் அரபெழுத்தில் தமிழெழுதி வளர்த்த அரபுத்தமிழும் இங்கு நினைக்கத்தக்கது. எழுத்து மாறுவதால் மட்டும் மொழி இறந்துவிடுவதில்லை.

இவ்வனுபவம் தமிழருக்கு மட்டும் உரியதன்று. குறுஞ்செய்தி பெருவழக்காயிருந்த பிலிப்பைன்சில் 2001 சனவரியில் மக்கள் வீதிக்கிறங்கி சனாதிபதி எசுத்திராடாவைப் பதவி விலகச் செய்தபோது, அவர்களை ஒன்றுதிரட்டியதில் கைத்தொலைபேசிச் செய்திகளுக்குப் பெரும் பங்கிருந்தது. அதே நாட்டில் 2010 அளவில், எழுத்துக்களை விசித்திரமாகத் திரித்தெழுதும் ‘ஜெஜெமொன்’ என்னும் பாணி இளையோரிடையே பரவ, கல்வித்துறையினர் அதனைத் தவிர்க்குமாறு மாணவரை அறிவுறுத்தினர். பின்னர், ‘ஐடல்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் எழுத்துக்களைப் பின்னிருந்து முன்னாகப் புரட்டி ‘லோடி’ என ஆக்கியது போன்ற விளையாட்டுச் சொற்கள் வந்தன. ஒரு பாணி மங்க மற்றொரு பாணி எழுகின்றது. தகாலொகு மொழியோ தொடர்ந்து வாழ்கின்றது. அறிவுறுத்தலால் இளையோர் வழக்கு அடங்குவதுமில்லை, அவ்வழக்கால் மொழி மடிவதுமில்லை என்பதற்கு அந்நாடு சான்றாகின்றது.

இதுவரை கூறியவற்றால் இளையோர் வழக்கு குற்றமற்றது என முடிவு செய்துவிடலாமோ எனின், அதுவும் பொருந்தாது. குற்றஞ்சாட்டப்பட்ட இடத்தில் குற்றமில்லை என்பதே இதுவரை நிறுவப்பட்டது. உண்மையான இழப்பு எங்குள்ளது என்பதை வேறிடத்தில் தேடல் வேண்டும்.

தொல்காப்பியம் அ, இ, உ என்னும் மூன்றினையும் சுட்டு என்றது. தமிழகப் பேச்சில் உகரச் சுட்டு வழக்கிழந்துபோக, யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் அது இன்றும் பேச்சில் உயிர்வாழ்கின்றது. இது பேசுவோனுக்கு அண்மையிலுள்ளது. அது இருவருக்கும் சேய்மையிலுள்ளது. உது கேட்போன் பக்கத்திலுள்ளது. ரொறன்ரோவிலிருக்கும் மகனிடம் தொலைபேசியில் ‘உங்கை இப்ப என்ன நேரம்?’ என வினவும் தாய், தன் வீட்டிலிருந்துகொண்டே மகன் நிற்குமிடத்தைச் சொல்லினுள் வைத்துப் பேசுகின்றாள். உகரச் சுட்டை வழங்குவதற்குப் பேசுவோன் முதலில் கேட்போன் எங்கு நிற்கின்றான் என எண்ணவேண்டும். கேட்போனை நினையாது அச்சொல்லைப் பிறப்பித்தலே இயலாது. திரைப்படத் தமிழையும் இணையத் தமிழையும் கேட்டு வளரும் இளையோரிடம் இச்சுட்டு மெல்ல அருகி வருகின்றது. ‘உங்கை’ என்பது ‘அங்க’ ஆகின்றது. உரோமன் எழுத்தில் எழுதின் ‘உங்கள்’ என்பதோடு மயங்குகின்றது.

மற்றொன்று, ‘நீர்’ என்னும் முன்னிலைச் சொல். ஈழத்து வடபகுதிப் பேச்சில் நீ, நீர், நீங்கள் என மூன்று படிகள் உண்டு. ஆசிரியர் வளர்ந்த மாணவரையும், ஒருவர் தம் வயதொத்த புதிய அறிமுகத்தினரையும் ‘நீர்’ என விளித்தல் வழக்கு. மிகு நெருக்கமுமன்றி மிகு விலகலுமன்றி, தாழ்த்தாமலும் உயர்த்தாமலும் ஒருவரை எதிர்கொள்ளும் இடம் அது. இதுவும் இளையோர் நாவில் குறைந்து, ‘டா’வுக்கும் ‘நீங்கள்’ என்பதற்கும் இடையே வெற்றிடம் தோன்றுகின்றது. மதிப்பீட்டுச் சொற்களிலும் இந்நிலையே காணப்படுகின்றது. குளம் வான் பாய்வதும் ‘வேற லெவல்’, புதிய திரைப்படமும் ‘வேற லெவல்’, பகலுணவும் ‘வேற லெவல்’. அல்லாதன யாவும் ‘மொக்கை’. வடிவு, திறம், பரவாயில்லை, காணும் என்னும் இடைப்பட்ட படிகள் மங்குகின்றன. உகரச் சுட்டும் ‘நீர்’ என்பதும் இச்சொற்களும் ஒருங்கே உணர்த்துவது யாதெனில், அருகிவருவது மொழியின் நடுவிடம் என்பதாகும். நெடும்போரினால் நண்பன், பகைவன் என இரண்டாகப் பிளவுண்டு வாழ்ந்த ஒரு சமுதாயத்துக்கு நடுவிடத்துச் சொற்கள் பிறரினும் மிகுதியாக வேண்டப்படுவன. அவற்றின் இழப்பு அழகின் இழப்பு மட்டுமன்று. பிறரை அளந்தறிந்து பழகும் ஆற்றலின் இழப்புமாகும்.

எனினும் இவ்விடத்தும் தராசின் மறுதட்டை மறத்தல் ஆகாது. தமிழில் சகோதரன் ஒருவனை அண்ணன் என்றோ தம்பி என்றோ கூறவேண்டுமேயன்றி, மூப்பு இளமை சுட்டாது விளித்தல் அரிது. ‘ப்ரோ’ என்பது அப்படிநிலையை நீக்குகின்றது. முறைமாமன் மகனைக் குறித்த ‘மச்சான்’ என்னும் சொல்லோ இலங்கையில் இனவேலியையும் கடந்து, சிங்கள இளைஞரும் தமிழ் இளைஞரும் ஒருவரையொருவர் விளிக்கும் சொல்லாயிற்று. முன்னைய மரியாதைச் சொற்களின் வரலாறு தூயதன்று. வயதில் முதிர்ந்தவராயினும் ஒடுக்கப்பட்ட சாதியினர் ஒருமையில் விளிக்கப்பட்ட காலம் இம்மண்ணில் இருந்தது. அந்த ஏணியின் படிகளை இளையோர் தம்மையறியாமலே தகர்ப்பராயின் அதனை இழப்பு என்றல் பொருந்தாது. ஆகவே, கழிவன யாவும் இழப்புமல்ல, புகுவன யாவும் ஆக்கமுமல்ல. பிரித்தறிதற்கு ஓர் அளவுகோல் வேண்டும்.

அவ்வளவுகோலைக் கண்டறிய ஒரு சொல் துணைசெய்யும். இலங்கைப் பல்கலைக்கழக மாணவர் விரிவுரை மண்டபத்துக்குப் புறம்பே தமக்குள் கூடி ஒருவருக்கொருவர் பாடஞ் சொல்லிக்கொடுப்பதைக் ‘குப்பி’ என்பர். சிங்கள மாணவரும் தமிழ் மாணவரும் வழங்கும் இச்சொல், சிறு போத்தலில் திரியிட்டு எரிக்கும் குப்பி விளக்கை நினைவூட்டுவது. மின்சாரமற்ற போர்க்காலத்தில் வன்னிப் பிள்ளைகள் பலர் அத்தகைய விளக்கொளியிலேயே கற்றனர். ஆயின் அதே வன்னியில், அதே காலத்தில், போராளிகள் கழுத்தில் அணிந்த நஞ்சும் ‘குப்பி’ என்றே அழைக்கப்பட்டது. மாங்குளத்திலிருந்து பல்கலைக்கழகம் புகுந்த மாணவி ஒருத்தி விடுமுறையில் வீடு வந்து ‘இரவிரவாகக் குப்பி நடந்தது’ எனச் சிரித்துக் கூறுவாளாயின், பிள்ளையைப் போரில் இழந்த அயல்வீட்டுத் தாயின் காதில் அச்சொல் எவ்வாறு விழும்? மாணவி குற்றம் செய்தாளா?

அவள் குற்றம் செய்தாளல்லள். அச்சொல் அவளுக்கும் உரியது. ஒளியும் கல்வியும் தோழமையும் அதில் அடங்கியுள்ளன. ஒரு சொல்லின் துயரப் பொருளை அடுத்த தலைமுறை கல்விப் பொருளாக மாற்றியதில் ஒருவகை ஆறுதலும் உண்டு. ஆனால், எதிரே நிற்பவளின் காதில் அது வேறொன்றாக ஒலிக்கும் என அறிந்த பின்னரும் பொருட்படுத்தாதிருப்பாளாயின், அப்பொழுதே அறம் வழுவுகின்றது. சொல்லில் குற்றமில்லை, கேட்போரை மறத்தலிலேயே குற்றம் உள்ளது. உகரச் சுட்டு இலக்கணத்தால் கற்பித்ததை இச்சொல் வாழ்க்கையால் கற்பிக்கின்றது. பேசுவோன் கேட்போன் நிற்குமிடத்தை மனங்கொள்ளல் வேண்டும் என்பதே மொழியறத்தின் அடிப்படை எனலாம்.

இவ்வளவுகோலால் அளப்பின் முற்கூறியவை தத்தம் இடத்தில் அமைந்துவிடுகின்றன. தோழருக்குள் குழூஉக்குறி பேசுதல் குற்றமன்று. அது விளங்காத பாட்டியின் முன்னே, அவளை விலக்கி வைத்தற்பொருட்டு அதனைப் பேசுதல் குற்றம். விரைவுக்காக உரோமன் எழுத்தை நாடுதல் குற்றமன்று. குளமும் குலமும் வேறுபாடின்றி ஒன்றாகிவிடும் அவ்வெழுத்தை மட்டுமே அறிந்து, தாய் தமிழில் எழுதிய கடிதத்தை வாசிக்க இயலாதவராதல் இழப்பு. ‘ப்ரோ’ என விளித்துச் சமன்மை காட்டுதல் நன்று. அதே சொல்லால் முதியவரின் முதுமையை எள்ளுதல் தீது. சொல் ஒன்றே, அறம் அது சென்றடையும் செவியைப் பொறுத்து வேறுபடுகின்றது.

இக்கடமை இளையோர்க்கு மட்டும் உரியதன்று. ‘குப்பி’ என்பதன் பிறிதொரு பொருளை மாணவி அறியாதிருப்பின், அதனைச் சொல்லாது மறைத்த மௌனம் யாருடையது? கலிங்கு, துருசு, அலைகரை என்பவற்றை இளையோர் அறியார் என வருந்துவோர் எத்தனைபேர் அவர்களைக் குளக்கட்டுக்கு அழைத்துச் சென்றனர்? அறுவடை இயந்திரம் வந்தபின் சூடு மிதிக்கும் களம் மறைந்தது. களம் மறையவே களமொழியும் மறைந்தது. தொழில் மாறியதால் மறைந்த சொல்லுக்கு இளையோரின் கைத்தொலைபேசியைப் பழித்தல் முறையாகாது. கேட்போன் நிற்குமிடத்தை எண்ணுதல் என்னும் கடமை மூத்தோரையும் கட்டுப்படுத்தும். இளையோர் எவ்வுலகில் நிற்கின்றனர் என அறியாது அவர்தம் சொல்லை மட்டும் பழிப்போர் தாமும் உகரச் சுட்டை இழந்தவரே ஆவர்.

செய்யத்தக்கவை பெருஞ் செலவினவல்ல. எந்தக் கைத்தொலைபேசி பழைய வழக்கை ஒதுக்குவதாகக் குறைகூறப்படுகின்றதோ, அதுவே குரலைப் பதிவுசெய்யவும் வல்லது. வன்னியின் ஒவ்வொரு பாடசாலையிலும் மாணவர் தத்தம் ஊர் முதியோரிடம் குளத்துச் சொல், வயற்சொல், காட்டுச் சொல், இடம்பெயர்வுக் காலத்துச் சொல் என்பவற்றைக் கேட்டுப் பதிவாராயின், ஊரொன்றுக்கு ஒரு சொற்றொகுதி சில ஆண்டுகளில் உருவாகும். அத்தொகுதியில் இளையோரின் புதுச்சொற்களும் இடம்பெறல் வேண்டும். அவையும் இம்மண்ணின் வரலாறே. அவ்வாறு கேட்கச் செல்லும் மாணவர் சொற்களை மட்டுமன்றிச் சொல்வோரையும் அறிந்துகொள்வர். நெடுங்காலம் பேசாதிருந்த பல நினைவுகள், கேட்க ஒரு செவி வாய்த்தமையாலேயே வெளிப்படவும் கூடும்.

ஒரு தலைமுறைக்குத் தன் மொழியை மாற்றும் உரிமை உண்டு. அவ்வுரிமையை மறுத்த தலைமுறை எதுவும் தமிழ் வரலாற்றில் வெற்றி பெற்றதில்லை. ஆனால் அவ்வுரிமை கேட்போரின் செவியோடு முடிவடைகின்றது. புதுச்சொல் படைப்போர் அச்சொல்லுக்குள் முதியோர் நுழையச் சிறிது இடம் விடுவாராயின், பழஞ்சொல் காப்போர் அச்சொல்லோடு அதன் கதையையும் சேர்த்துக் கையளிப்பாராயின், மாற்றமும் மரபும் பகைகொள்ள வேண்டிய தேவை எழாது. போரில் யாவும் இழந்து பேச்சொன்றையே சுமந்து திரும்பிய மக்கள் அப்பேச்சைத் தம் பிள்ளைகளின் கையில் கொடுத்துள்ளனர். பிள்ளைகள் அதனை அவ்வண்ணமே வைத்திருக்கமாட்டார்; வைத்திருக்கவும் இயலாது. தந்தவருக்கும் விளங்கும்படி அதனைப் பேசுவாராயின் அதுவே போதுமானது.